நீ பெரிய வாத்தியார்: ‘தௌ’ என்கிற பழைய ஆங்கிலச் சொல்

எங்கள் தலைமையாசிரியர் ஓய்வு பெற்ற வருடம், பன்னிரண்டாம் வகுப்பில் எல்லோரும் காசு சேர்த்து ஒரு வாழ்த்து மடல் அச்சடித்து, கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொடுத்தோம். ரோஸ் நிறத் தாள், தங்க எழுத்து, ஓரம் முழுக்கக் கொடி டிசைன். ஆங்கிலத்தில் இருந்தால்தான் எடுப்பாக இருக்கும் என்று முடிவானது. அதுவும் சும்மா ஆங்கிலம் போதாது, தேவாலயத்தில் கேட்கிற மாதிரி கம்பீரமாக இருக்க வேண்டும் என்று சொல்லி, எழுதும் வேலையை என் தலையில் கட்டினார்கள். ‘தௌ ஆர்ட் எ கிரேட் டீச்சர்’ என்று ஆரம்பித்தேன். அவர் ஆங்கில ஆசிரியர் என்பது அப்போது யாருக்கும் உறைக்கவில்லை. மேடையில் மடலை வாசித்தபோது வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். விழா முடிந்ததும் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “இத்தனை வருஷம் பாடம் எடுத்ததுக்கு, ‘நீ பெரிய வாத்தியார்’னு தங்க எழுத்துல அடிச்சுக் குடுத்திருக்கியே தம்பி” என்றார்.

அன்றைக்குப் புரியவில்லை. ‘தௌ’ என்றால் ‘தாங்கள்’ மாதிரி ஏதோ ஒன்று என்றுதான் நினைத்திருந்தேன். என்னைப் போல நினைப்பவர்கள் நிறையப் பேர், அதில் ஆங்கிலத்தையே தாய்மொழியாகப் பேசுகிறவர்களும் உண்டு. ஒரு புகழ்பெற்ற ஹாலிவுட் விண்வெளிப் படத்தில் கறுப்பு முகமூடி போட்ட வில்லன் தன் பேரரசர் முன்னால் மண்டியிட்டு, ‘தை’ கட்டளை என்ன என்று கேட்பான். மரியாதை சொட்டச் சொட்டக் கேட்பதாக எண்ணம். முந்நூறு, நானூறு வருடத்துக்கு முந்தைய லண்டன்காரர் யாராவது அதைக் கேட்டிருந்தால், ‘உன் கட்டளை என்னடா?’ என்பது போலத்தான் காதில் விழுந்திருக்கும்.

‘தௌ’ என்றால் நீ. வெறும் நீ. அந்த மொழியில் ஒரு காலத்தில் நீயும் இருந்தது, நீங்களும் இருந்தது. நீயைத் தொலைத்துவிட்டு இன்று எல்லோரையும் நீங்கள் என்று அழைத்துக்கொண்டிருக்கிறார்கள். நாம் பள்ளியில் படிக்கும் ‘யூ’ உண்மையில் நீ கிடையாது, அதுதான் நீங்கள்.

முதலில் உச்சரிப்பு, வேற்றுமை எல்லாவற்றையும் முடித்துவிடலாம், இது சின்ன வேலைதான். ‘தௌ’ எழுவாயாக வரும்: நீ. ‘தீ’ என்றால் உன்னை, உனக்கு. ‘தை’ என்றால் உன். ‘தைன்’ என்றால் உன்னுடையது. நெருப்பையும் பொங்கலையும் மறந்துவிடுங்கள். இதில் வரும் ‘த’ நாக்கு நுனி பல்லில் உரசிக்கொண்டு வரும் மெல்லிய ‘த’, ‘தட் திஸ்’ என்று சொல்லும்போது வருகிற அதே ஒலி. அடுத்து உயிரெழுத்து வந்தால் ‘தை’ போய் ‘தைன்’ வரும்: உன் கை என்றால் ‘தை ஹேண்ட்’, உன் கண்கள் என்றால் ‘தைன் ஐஸ்’. ஆப்பிளுக்கு முன்னால் ‘எ’ போய் ‘ஆன்’ வருகிறதே, அதே கணக்கு.

வினைச்சொல்லிலும் ஒரு வால் ஒட்டிக்கொள்ளும். நீ என்று ஆரம்பித்தால் நாம் வருகிறாய், சொன்னாய் என்று ‘ஆய்’ போட்டு முடிப்பதைப் போல, ‘தௌ’ வந்தால் வினையின் கடைசியில் ‘ஸ்ட்’ வரும். நோ என்பது ‘நோயெஸ்ட்’, லவ் என்பது ‘லவெஸ்ட்’, ஹேவ் என்பது ‘ஹேஸ்ட்’, டூ என்பது ‘டஸ்ட்’, கேன் என்பது ‘கேன்ஸ்ட்’. மூன்று நான்கு மட்டும் முரண்டு பிடிக்கும்: நீ இருக்கிறாய் என்பதற்கு ‘தௌ ஆர்ட்’, அப்புறம் ‘தௌ ஷால்ட்’, ‘தௌ வில்ட்’. எங்கள் மடலில் இருந்த ‘ஆர்ட்’ ஓவியக்கலை இல்லை என்பது இப்போது தெரிந்திருக்கும்.

இங்கேதான் எல்லோரும் வழுக்கி விழுகிற இடம் ஒன்று இருக்கிறது. பழைய ஆங்கிலம் மாதிரி காட்ட வேண்டும் என்றால் கண்ட வினையிலும் ‘எத்’ சேர்த்துவிடுவார்கள்: ‘ஐ கோயெத்’, ‘தௌ கோயெத்’ என்று. ‘எத்’ என்பது அவன், அவள், அது ஆகியவற்றுக்கு மட்டும் உரிய விகுதி. ‘ஹி கோயெத்’ சரி. ‘ஐ கோயெத்’ என்பது தமிழ் படிக்க ஆரம்பித்த வெளிநாட்டுக்காரர் ‘நான் போகிறான்’ என்று சொல்வதற்குச் சமம்.

சரி, இலக்கணம் போகட்டும். சுவையான பகுதி மரியாதைக் கணக்கு. இதில் தமிழருக்கு ஒரு சௌகரியம் உண்டு. ஆங்கிலேயருக்குப் பக்கம் பக்கமாக விளக்க வேண்டிய விஷயம் நமக்கு ஒரு வரியில் விளங்கிவிடும், ஏனென்றால் தினமும் அதைச் செய்துகொண்டிருக்கிறோம்.

ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய ஆங்கிலத்தில் இந்த மரியாதைப் பேச்சே இல்லை. ஒருவர் என்றால் ‘தூ’, பலர் என்றால் ‘யே’. அரசனும் ‘தூ’தான், ஆடு மேய்ப்பவனும் ‘தூ’தான். இரண்டே பேரைக் குறிக்க ‘யித்’ என்று தனியாக ஒரு சொல் வேறு இருந்தது, சமஸ்கிருதத்தில் இருமை இருக்கிறதே அதைப் போல. அது சீக்கிரமே செத்துப்போனது. ‘தூ’ என்பதைக் கேட்டதும் இந்தியின் ‘தூ’ நினைவுக்கு வந்தால் அது தற்செயல் இல்லை. லத்தீன் ‘தூ’, பிரெஞ்சு ‘த்யூ’, ஜெர்மன் ‘டூ’, சமஸ்கிருத ‘த்வம்’, எல்லாம் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். நம்முடைய நீ, கன்னடத்தின் நீனு, மலையாளத்தின் நீ ஆகியவை வேறு குடும்பம்.

1066ல் நார்மண்டியின் வில்லியம் இங்கிலாந்தைப் பிடித்தார். அதன் பிறகு அரண்மனையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சுதான். பிரெஞ்சுக்காரர்களிடம் ஒரு பழக்கம் இருந்தது: பெரிய மனிதர் ஒருவராகவே இருந்தாலும் அவரைப் பன்மையில் அழைப்பது. மேட்டுக்குடியின் நடையுடை கீழே இறங்குவது எங்கேயும் நடப்பதுதானே. 13ஆம் நூற்றாண்டு வாக்கில் ஆங்கிலத்திலும் இது தொற்றிக்கொண்டது. பன்மைச் சொல்லான ‘யீ’யும் (பழைய ‘யே’) ‘யூ’வும் ஒரே ஆளுக்கான மரியாதைச் சொல்லாயின. ஒருமைச் சொல்லான ‘தௌ’ (பழைய ‘தூ’) மற்றவர்களுக்கு என்று ஒதுங்கியது.

அந்த மற்றவர்கள் யார் என்று பார்த்தால் நம் வீட்டுக்குள் பார்ப்பது போலவே இருக்கும். அப்பா பிள்ளையை ‘தௌ’ என்பார், பிள்ளை அப்பாவை ‘யூ’ என்பான். எஜமான் வேலைக்காரனை ‘தௌ’, வேலைக்காரன் எஜமானை ‘யூ’. சீமான்கள் தங்களுக்குள் ‘யூ’ போட்டுக்கொள்வார்கள், ஏழைகள் தங்களுக்குள் ‘தௌ’. காதலர்கள் தனிமையில் ‘தௌ’. கோபம் வந்தாலும் ‘தௌ’. இந்தக் கடைசி இரண்டும் ஒரே சொல்லில் அடங்குவதுதான் வேடிக்கை, ஆனால் நமக்கு அதில் ஆச்சரியம் என்ன? நாலு பேர் முன்னால் புருஷனை ‘என்னங்க’ என்று கூப்பிடுகிறவள் அறைக்குள் போனதும் ‘நீ சும்மா இரு’ என்பாள், அது பிரியம். பஸ்ஸில் சில்லறைக்காக ஆரம்பிக்கும் வாக்குவாதம் ‘என்ன சார் நீங்க, பாக்கி கேட்டா முறைக்கிறீங்க’ என்று தொடங்கி, ரெண்டு ஸ்டாப் தாண்டுவதற்குள் ‘யோவ், நீ யாருய்யா கேக்க’ என்று வந்து நிற்கும், அது வேறு. சொல் ஒன்றே, யார் யாரிடம் எப்போது சொல்கிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இந்த ஏற்ற இறக்கத்தை ஒரு ஆளைக் குத்துவதற்குப் பயன்படுத்திய காட்சி ஒன்று ஆங்கிலேய வரலாற்றிலேயே பதிவாகி இருக்கிறது. 1603 நவம்பர், வின்செஸ்டர் நகரம். சர் வால்டர் ராலே மீது ராஜத் துரோக வழக்கு. ராலே லேசுப்பட்டவர் இல்லை. கடலோடி, கவிஞர், முதலாம் எலிசபெத் அரசியின் செல்லப்பிள்ளையாக இருந்து சர் பட்டம் வாங்கியவர். அரசி இறந்து, புதிய மன்னர் முதலாம் ஜேம்ஸ் வந்ததும் காற்று மாறிவிட்டது. அரசுத் தரப்பில் வாதாடியவர் அட்டர்னி ஜெனரல் சர் எட்வர்ட் கோக். வாதத்தின் சூட்டில் கோக் அவரைப் பார்த்து விரியன் பாம்பே என்று திட்டிவிட்டு, ‘ஐ தௌ தீ, தௌ டிரெய்ட்டர்’ என்றார்.

இதில் முதல் ‘தௌ’ வினைச்சொல். உன்னை நான் ‘நீ’ போடுகிறேன், துரோகியே என்று அர்த்தம். இந்த வினைச்சொல்லை இன்றைய ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க முடியாது. தமிழில் ரெடியாக இருக்கிறது: ஒருமையில் பேசுவது. அதிகாரியை ஒருமையில் பேசியதாகப் புகார் என்று பேப்பரில் செய்தி வந்தால் நமக்கு அடிக்குறிப்பு தேவைப்படாது. கோக் செய்தது அதுதான், அதையும் ‘இதோ பார், ஒருமையில் பேசுகிறேன்’ என்று அறிவித்துவிட்டுச் செய்தார். ராலேக்கு மரண தண்டனை விதித்தார்கள். உடனே நிறைவேற்றாமல் பல வருடம் லண்டன் கோபுரச் சிறையில் வைத்திருந்து, கடைசியில் 1618ல் தலையை வெட்டினார்கள்.

அரை நூற்றாண்டு கழித்து, இதே சொல்லை வைத்துக்கொண்டு நேர் எதிர்த்திசையில் ஒரு கலகம் கிளம்பியது. ஜார்ஜ் ஃபாக்ஸ் என்ற சமய போதகர் தொடங்கிய குவேக்கர் இயக்கம். கடவுள் முன்னால் எல்லோரும் சமம் என்றால் பேச்சில் மட்டும் எதற்கு உயர்வு தாழ்வு? யாருக்கும் தொப்பியைக் கழற்ற மாட்டோம், யாரையும் ‘யூ’ என்று அழைக்க மாட்டோம், பணக்காரனோ பிச்சைக்காரனோ நீதிபதியோ எல்லோரும் ‘தௌ’தான் என்றார்கள். ஒரு ஆளைப் பன்மையில் அழைப்பது பொய் என்பது அவர்கள் கட்சி. ஒருமை பன்மையை ஊருக்குக் கற்றுக்கொடுக்க 1660ல் ஃபாக்ஸும் தோழர்களும் பல மொழி உதாரணங்களோடு ஒரு தடித்த புத்தகமே போட்டார்கள். கலெக்டர் ஆபீஸில் போய் தலைப்பாகையை அவிழ்க்காமல் நின்றுகொண்டு ‘நீ கையெழுத்துப் போடு’ என்று சொன்னால் என்ன நடக்குமோ அதுதான் அவர்களுக்கும் நடந்தது. அடி, அபராதம், சிறை.

குவேக்கர்களில் பிரபலமானவர் வில்லியம் பென். பிற்பாடு அமெரிக்காவில் பென்சில்வேனியா என்ற குடியேற்றத்தை நிறுவியவர். அவருடைய அப்பா கடற்படைத் தளபதி. மகன் குவேக்கர் ஆகிவிட்டான் என்று தெரிந்ததும் அவர் ஒரு சமரசத்துக்கு வந்தாராம்: ஊரில் யாரை வேண்டுமானாலும் ‘தௌ’ போட்டுக்கொள், மூன்று பேரை மட்டும் விட்டுவிடு. அரசர், அரசரின் தம்பி யார்க் கோமகன், அப்புறம் நான். இந்த மூன்றாவதைப் படிக்கும்போது எனக்கு அந்தத் தளபதி மேல் ஒரு பாசமே வந்துவிட்டது. கொள்கையை எல்லாம் ஊருக்குள் வைத்துக்கொள், வீட்டில் அப்பாவை வா போ என்று பேசாதே என்று சொல்லாத தகப்பன் எந்த ஊரில் இருக்கிறார்?

அப்படியானால் கடவுளை மட்டும் ஏன் ‘தௌ’ என்று அழைக்கிறார்கள்? என்னை ஏமாற்றியது இந்தக் கேள்விதான். ஜெபத்தில் ‘தை’ நாமம், ‘தை’ ராஜ்யம் என்று வருவதால், அது மகா மரியாதைச் சொல் என்று தோன்றிவிடுகிறது.

பைபிளின் மூலமொழிகளான எபிரேயத்திலும் கிரேக்கத்திலும் ஒருமை உண்டு, பன்மை உண்டு, மரியாதைப் பன்மை இல்லை. 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த வில்லியம் டின்டேல் அந்தக் கணக்கை அப்படியே பின்பற்றினார். 1611ல் வெளிவந்த கிங் ஜேம்ஸ் பைபிளும் அதே வழியில் போனது. மூலத்தில் ஒருமை என்றால் ‘தௌ’, பன்மை என்றால் ‘யீ’. கடவுளும் ‘தௌ’, சாத்தானும் ‘தௌ’, மன்னனும் வேலைக்காரனும் ‘தௌ’. மரியாதை என்ற பேச்சே அங்கே எழவில்லை. 1611லேயே லண்டன் தெருப் பேச்சில் ‘தௌ’ மங்கத் தொடங்கிவிட்டது. அடுத்த நூறு வருடத்தில் நகரத்துப் பேச்சில் அது காணாமலே போனது. பைபிளும் ஜெபப் புத்தகமும் மட்டும் மாறவில்லை. வீட்டில், கடையில் எங்கேயும் கேட்காத ஒரு சொல் ஞாயிற்றுக்கிழமை கோயிலில் மட்டும் கேட்டால் அதற்குத் தானாகவே ஒரு தூபவாசனை வந்துவிடும். அம்மாவும் பிள்ளையும் பேசிக்கொண்ட சொல் இப்படித்தான் பீடத்தில் ஏறி உட்கார்ந்தது.

தமிழில் நடந்ததோ வேறு கதை. தமிழ் பைபிளில் கடவுளுக்கு நீ இல்லை. ‘எங்கள் பிதாவே, உம்முடைய நாமம் பரிசுத்தப்படுவதாக’ என்று நீர் என்ற நடுத்தர மரியாதையில் நிறுத்தினார்கள். கடவுள் மனிதனிடம் பேசும்போது மட்டும் நீ வரும்: ‘கொலை செய்யாதிருப்பாயாக, களவு செய்யாதிருப்பாயாக.’ ஆங்கிலத்தில் இங்கே ‘தௌ ஷால்ட் நாட்’. பத்துக் கட்டளையைப் பொறுத்தவரை இரண்டு மொழியும் ஒன்றாகவே நிற்கின்றன. மற்றபடி, பிள்ளையாரப்பா, நீதான் காப்பாத்தணும் என்று தேங்காய் உடைக்கிற வீட்டில் பிறந்தவனுக்குக் கடவுளை நீ என்பதில் விசேஷம் எதுவும் தெரியாது. சுந்தரர் சிவனைப் பித்தா என்றே ஆரம்பித்தார், அதற்கு மேல் என்ன இருக்கிறது.

ஒருமையும் பன்மையும் பிரிந்து இருப்பதில் ஒரு லாபம் உண்டு என்பதற்கும் பைபிளிலேயே உதாரணம் கிடைக்கிறது. லூக்கா சுவிசேஷத்தில் இயேசு பேதுருவிடம் சொல்வது: கோதுமையைச் சுளகில் புடைப்பது போல உங்களைப் புடைக்கச் சாத்தான் கேட்டுக்கொண்டான், நானோ உனக்காக வேண்டிக்கொண்டேன். முதலில் உங்களை, அப்புறம் உனக்காக. சோதனை சீடர்கள் எல்லோருக்கும் வருகிறது, வேண்டுதல் பேதுரு ஒருவனுக்காக. கிங் ஜேம்ஸ் பைபிளில் முதலாவது ‘யூ’, இரண்டாவது ‘தீ’. இன்றைய ஆங்கில மொழிபெயர்ப்புகள் சிலவற்றில் இரண்டுமே ‘யூ’. அடிக்குறிப்பைப் பார்க்காதவர்களுக்கு விஷயம் நழுவிவிடும். தமிழ் பைபிளில் நழுவாது.

‘யீ’ என்று ஒன்று சொன்னேனே, அதைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது நீங்கள் என்ற எழுவாய். ‘யூ’ என்பது உங்களை. சத்தியத்தை ‘யீ’ அறிவீர்கள், சத்தியம் ‘யூ’வை விடுதலையாக்கும் என்று யோவான் சுவிசேஷத்தில் வரும். ஆக, இன்று உலகம் முழுக்க நீ என்றும் நீங்கள் என்றும் ஓடிக்கொண்டிருக்கிற ‘யூ’ பிறவியில் வெறும் உங்களை. இங்கிலாந்தில் பழைய மோஸ்தர் கடைப் பலகைகளில் ‘யீ ஓல்டே’ என்று எழுதியிருப்பார்களே, அந்த ‘யீ’க்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது. பழைய ஆங்கிலத்தில் ‘த’ ஒலிக்கு என்று இருந்த ஓர் எழுத்து, கையெழுத்தில் மெல்ல ஒய் மாதிரி ஆகிவிட்டது. அச்சுக்கோப்பவர்களும் ஒய்யையே போட்டார்கள். அது ‘யீ’ இல்லை, சாதாரண ‘தி’தான்.

இன்னொரு பிரபலமான தவறையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஜூலியட் மாடத்தில் நின்றுகொண்டு ‘வேர்ஃபோர் ஆர்ட் தௌ ரோமியோ’ என்பாள். பள்ளி நாடகங்களில் அந்தப் பெண் கையை நெற்றியில் வைத்து இருட்டில் யாரையோ தேடுவாள், ரோமியோ, நீ எங்கே இருக்கிறாய் என்று கேட்பது போல. வேர்ஃபோர் என்றால் எங்கே இல்லை, ஏன். போயும் போயும் எதிரி வீட்டு ரோமியோவாக ஏன் இருக்கிறாய் என்பது அவள் ஆதங்கம். தனியாக இருப்பதாக நினைத்துப் பேசுகிறாள், அதனால் ‘தௌ’. பார்த்து முழுதாக ஒரு ராத்திரி ஆகவில்லை, அதற்குள் நீ என்றாகிவிட்டது. தமிழ்ப் படமாக இருந்தால் அதற்கு ஒரு பாட்டு போயிருக்கும்.

‘தௌ’ ஏன் செத்தது? லண்டன் போன்ற நகரங்கள் வீங்கிக்கொண்டே போனது ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. கிராமத்தில் எதிரே வருகிறவர் யார், என்ன அந்தஸ்து என்று தெரியும். நகரத்தில் பட்டுச் சட்டை போட்டவன் வியாபாரியா பிரபுவா என்று எப்படித் தெரியும்? தவறிப்போய் ‘தௌ’ என்றுவிட்டால் வம்பு. ‘யூ’ என்றால் யாரும் அடிக்க வரமாட்டார்கள். இப்படிப் பத்திரமான சொல்லே எல்லோருக்கும் என்றாகிவிட்டது. குவேக்கர்கள் வேறு ‘தௌ’வைத் தங்கள் அடையாளமாக்கிக்கொண்டதால், மற்றவர்கள் இன்னும் விலகினார்கள் என்றும் சொல்வார்கள். 18ஆம் நூற்றாண்டில் ஒரு தடுமாற்றம்: ஒருவரைச் சொல்லும்போது ‘யூ வாஸ்’, பலரைச் சொல்லும்போது ‘யூ வேர்’ என்று பலரும் பேசினார்கள். நல்ல ஏற்பாடுதான். 1762ல் இலக்கண நூல் எழுதிய ராபர்ட் லோத் என்ற பாதிரியார் அது தப்பு என்றார். வாத்தியார்கள் பிடித்துக்கொண்டார்கள், ‘யூ வாஸ்’ படிக்காதவர் பேச்சு என்று ஆனது.

முழுதாகச் சாகவும் இல்லை. இங்கிலாந்தின் வடக்கே யார்க்‌ஷயர், லங்காஷயர் பக்கத்து முதியவர்கள் பேச்சில் ‘தௌ’ தேய்ந்து ‘தா’ என்று பிழைத்திருக்கிறது. பழகியவரிடம் மட்டும் சொல்லலாம். பொடியன் ஒருவன் பெரியவரிடம் சொல்லிவிட்டால் ‘டோன்ட் தீ தா மீ’ என்று திட்டு விழும். மதுரைப் பக்கத்தில் ‘என்ன, வா போங்குற?’ என்றால் என்னவோ, அச்சு அசலாக அது. மற்றவர்களுக்கு ‘தௌ’ எஞ்சியிருப்பது சில இடங்களில்தான்: கல்யாணத்தில் மோதிரம் போடும்போது ‘ஐ தீ வெட்’ என்கிற உறுதிமொழி, தேவாலயப் பாடல்கள், அப்புறம் ‘ஹோலியர் தேன் தௌ’ என்ற தொடர். கடைசியது ஏசாயா தீர்க்கதரிசியின் புத்தகத்தில் வருவது. கிட்டே வராதே, நான் உன்னைவிடப் பரிசுத்தன் என்று ஒதுங்கி நிற்பவனைப் பற்றியது. இன்று தன்னை ரொம்ப யோக்கியனாகக் காட்டிக்கொள்கிறவர்களைக் கிண்டல் செய்ய உதவுகிறது. புதிதாக எழுதும்போது இதைத் தவிர எதிலும் ‘தௌ’வைத் தொடவேண்டாம். வாழ்த்து மடலில் நிச்சயமாக வேண்டாம்.

லேத் பட்டறையில் வேலை பார்ப்பவர்கள் இதைப் படித்தால், நாங்கள் தினமும் தௌ என்கிறோமே என்பார்கள். அது வேறு சொல். அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது 0.0254 மில்லிமீட்டர். தௌசண்ட் என்பதன் சுருக்கம் என்பதால் அந்த ‘த’ கொஞ்சம் அழுத்தமாக, காற்று சீறிக்கொண்டு வரும். நாம் பிரின்ட் எடுக்கும் சாதாரணத் தாளின் தடிமன் ஏறக்குறைய நாலு தௌ. தமிழில் எழுதினால் இரண்டும் ஒரே மாதிரி தெரிவது நம் எழுத்தின் கோளாறு.

நம் நீ, நீங்கள் கதைக்கு வருகிறேன். புறநானூற்றுப் புலவர்கள் மன்னனை நீ என்றுதான் அழைத்தார்கள். சேரமான் உதியஞ்சேரலாதனைப் பாடும் முரஞ்சியூர் முடிநாகராயர், ஞாயிறு ‘நின்’ கடலில் பிறக்கிறது என்கிறார். மன்னனை வாழ்த்துகிற பேச்சு அது. அன்றைக்குப் பலரைக் குறிக்க நீயிர், நீர். ஒருவரைப் பன்மையில் சொல்லும் வழக்கம் மெல்ல நுழைந்தது. இது உயர்த்திச் சொல்லும் வழக்கு, இலக்கண முறைப்படி இல்லை என்று தொல்காப்பியமே குறித்து வைத்திருக்கிறது. அப்புறம் நீர் என்பது ஒருவருக்கான மரியாதைச் சொல்லானது. திருநெல்வேலியில் ‘நீரு எங்கவே போறீரு’ என்பதிலும், யாழ்ப்பாணத்தில் நீர் என்று சம வயதுக்காரரை அழைப்பதிலும் அது இன்னும் உயிரோடு இருக்கிறது. நீர் ஒருவருக்குப் போய்விட்டதால் பலருக்கு என்று ஒரு கள் சேர்த்து நீங்கள் வந்தது. கொஞ்ச காலத்தில் அதையும் ஒருவருக்கே கொடுத்துவிட்டோம்.

இப்போது ஆபீஸில் ஐந்து பேர் உட்கார்ந்திருக்கும் மீட்டிங்கில் மேனேஜர் ‘வெள்ளிக்கிழமைக்குள்ள நீங்க முடிச்சிடுங்க’ என்றால், பக்கத்து சீட்டுக்காரரைச் சொன்னதாக ஐந்து பேரும் நினைத்துக்கொள்வார்கள். அதனால்தான் ‘நீங்கல்லாம்’ என்கிறோம். அமெரிக்காவின் தெற்கு மாநிலங்களில் இதே இக்கட்டுக்கு ‘யூ ஆல்’ என்பதைச் சுருக்கி ‘யால்’ என்று வைத்துக்கொண்டார்கள். எழுத்துக்கு எழுத்து நம் நீங்கல்லாம்தான் அது. யால் என்பதை ஒரே ஆளிடமும் சொல்லலாமா கூடாதா என்று அங்கே ஒரு சண்டை நடந்துகொண்டிருக்கிறது. சிலர் எதற்கும் இருக்கட்டும் என்று, நிறையப் பேர் இருந்தால் முன்னால் இன்னொரு ‘ஆல்’ சேர்த்து ‘ஆல் யால்’ என்கிறார்கள்: நீங்கல்லாம் எல்லாரும்.